பழைய படக்கொட்டகைகளின் பிற்காலம்

கோயில்களுக்கும் கோட்டைகளுக்கும் வரலாறு எழுதுவோர் எந்நாட்டிலும் உளர். மக்கள் மாலைதோறும் கூடிச் சிரித்தும் கண்ணீர் விட்டும் வீடு திரும்பிய படக்கொட்டகைகளுக்கு வரலாறு எழுதுவோர் அரியர். அரசன் கட்டிய அரண் இடிந்தால் அங்கே ஒரு கல் நாட்டுகிறோம். நம் பாட்டன்மார் அணாக்களை எண்ணிக் கொடுத்து நுழைந்த கொட்டகை இடிந்தால், சில ஆண்டுகளுக்குள் அது நின்ற இடம் இன்னதென்று சொல்ல ஆளில்லாமற் போகிறது. இவ்வாறு மறைந்தவற்றைத் தேடிக் கணக்கெடுக்கும் முயற்சி அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அரை நூற்றாண்டுக்கு முன்பே தொடங்கிவிட்டது. மாளிகை போன்ற கொட்டகைகளைப் பெருவாரியாக எழுப்பி, அவற்றைப் பெருவாரியாகவே இடித்த நாடு அது. மோட்டார் வண்டியில் இருந்தபடியே படம் பார்க்கும் ‘டிரைவ்-இன்’ என்னும் திறந்தவெளிக் கொட்டகை பிறந்ததும் அங்கேதான். ஆகவே அந்நாட்டுக் கொட்டகைகளுக்கு நேர்ந்த கதியை ஈண்டு ஆராயப் புகுகிறோம்.

கொட்டகைகளைக் கொன்றது தொலைக்காட்சி என்பது பொதுவாக வழங்கும் கூற்று. அது பாதி உண்மையே. இது ஏன் மாண்டது, அது ஏன் பிழைத்தது என்று ஒவ்வொன்றாகத் தேடிச் செல்வோர்க்கு விடை தருவது பெரும்பாலும் திரையன்று. திரைக்குக் கீழே கிடந்த நிலமே.

முதலில் மாளிகைகளைப் பார்ப்போம். 1905ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்க நகரங்களில் ஐந்து சென்டு கட்டணத்தில் படங்காட்டும் சிறு கடைகள் தோன்றின. கடையின் பின்சுவரில் ஒரு துணியும், முன்புறம் சில நாற்காலிகளும் இருந்தால் போதும், அது கொட்டகை. இருபது ஆண்டுகளுக்குள் அச்சிறு கடைகளின் இடத்தை அரண்மனை போன்ற கட்டடங்கள் பிடித்துக்கொண்டன. நியூயார்க்கில் 1927ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள் திறக்கப்பெற்ற ‘ராக்ஸி’ கொட்டகையில் 5,920 இருக்கைகள் இருந்தன. மூவர் ஒரே சமயத்தில் அமர்ந்து வாசிக்கத்தக்க ஆர்கன் ஒன்றும் அங்கே இருந்தது. படம் ஊமைப்படம், ஆயினும் கொட்டகை ஊமையாக இருக்கவில்லை. ஜான் எபர்சன் என்னும் கட்டடக் கலைஞர் வேறொரு புதுமை செய்தார். தாம் கட்டிய கொட்டகைகளின் மேற்கூரையை வழுவழுப்பான சுண்ணக் கவிகையாக அமைத்து, அதற்கு ஆழ்ந்த நீலம் பூசி, விண்மீன்களைப் போலச் சிறு மின்விளக்குகளைப் பதித்தார். ஒரு சிறு கருவி அக்கவிகையின்மேல் மேகங்களின் நிழலை மெல்ல ஓடவிடும். சுற்றிலும் இத்தாலியத் தோட்டத்து மதில்களும் ஸ்பானிய மாடங்களும். பகலெல்லாம் தொழிற்சாலையில் நின்று களைத்த மனிதன், இருபத்தைந்து சென்டுக்கோ ஐம்பது சென்டுக்கோ, நிலா முற்றத்தில் அமர்ந்த பிரபுவாகிவிடுவான். இவற்றை வீண் ஆடம்பரம் என்று பழிப்போர் உண்டு. அப்பழிப்பு எமக்கு உடன்பாடன்று. ஏழைக்கும் செல்வனுக்கும் ஒரே வாயில் திறந்த மாளிகைகள் உலகில் அதிகமில்லை. ஆனால் அவ்வாயிலும் எல்லார்க்கும் ஒன்றாகத் திறக்கவில்லை என்பதையும் மறைத்தலாகாது. தென்மாநிலங்களில் கறுப்பின மக்கள் தனிப்படி ஏறி மேல்மாடத்துக்கு மட்டுமே செல்லுமாறு நெடுங்காலம் விதிக்கப்பட்டிருந்தனர்.

1946ஆம் ஆண்டில் அந்நாட்டு மக்கள் வாரந்தோறும் எட்டுக் கோடிக்குக் குறையாமற் படம் பார்க்கச் சென்றனர். பத்தே ஆண்டுகளில் அத்தொகை ஏறக்குறையப் பாதியாயிற்று. தொலைக்காட்சியைக் குற்றம் சாட்டுவோர் இவ்வெண்களையே காட்டுவர். ஆனால் வீழ்ச்சி தொடங்கிய காலத்தில் தொலைக்காட்சிப் பெட்டி மிகச் சில வீடுகளிலேயே இருந்தது என்பதை அவர்கள் காட்டுவதில்லை. உண்மையில் நிகழ்ந்தவை வேறு. போர்முனையிலிருந்து திரும்பிய இளைஞர் அரசாங்க உதவியோடு வீட்டுக்கடன் பெற்று, நகரை விட்டுப் புறநகர்களிற் குடியேறினர், மணம் முடித்தனர், கைக்குழந்தையோடு பத்து மைல் பிரயாணம் செய்து நகர நடுவிலுள்ள மாளிகைக்குச் செல்ல அவர்கட்கு மனமும் இல்லை, வண்டி நிறுத்த அங்கே இடமும் இல்லை. 1948இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பாரமவுண்ட் நிறுவனத்தின் வழக்கில் அளித்த தீர்ப்பு மற்றோர் அடி. படம் எடுக்கும் பெரு நிறுவனங்களே கொட்டகைகளையும் தம் கையில் வைத்திருத்தலாகாது என்பது அதன் பயன். தீர்ப்பு நியாயமானதே. ஆயினும் நட்டத்தில் நடக்கும் மாளிகையைப் படத்தின் இலாபத்தால் தாங்கி வந்த கை அன்றோடு விலகியது. அதன்பின் ஒவ்வொரு மாளிகையும் தன் காலிலேயே நிற்கவேண்டியதாயிற்று. அக்காலின் கீழிருந்ததோ நகரிலேயே விலையுயர்ந்த மனை.

ராக்ஸி 1960ஆம் ஆண்டில் இடிக்கப்பட்டது. அதன் திறப்பு விழாவிற் காட்டிய படத்தின் நாயகி குளோரியா ஸ்வான்சன், இடிபாடுகளின் நடுவே கைகளை விரித்து நிற்கும் நிழற்படம் ஒன்றை ‘லைஃப்’ பத்திரிகை வெளியிட்டது. முப்பத்து மூன்று ஆண்டுகளே வாழ்ந்த கட்டடம் அது. நம் ஊர்களில் மாட்டுத் தொழுவங்கூட அதனினும் நெடுநாள் நிற்கும்.

இனி, இடியாமல் நின்ற ஒன்றைக் காண்போம். டிட்ராய்ட் நகரம் மோட்டார்த் தொழிலின் தலைநகரம். அங்கே பாக்லி என்னும் தெருவில், ஒரு வீட்டின் பின்புறத்துக் கொட்டிலில், ஹென்றி போர்டு 1896ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தம் முதல் மோட்டார் வண்டியைச் செய்து முடித்தார். முடித்த பிறகே, வண்டி வெளியே வரக் கதவு போதாது என்பது புலனாயிற்று. கோடரி கொண்டு செங்கற் சுவரை இடித்து வண்டியைத் தெருவுக்குக் கொணர்ந்தார். அக்கொட்டில் இருந்த இடத்தில் 1926இல் ‘மிச்சிகன்’ கொட்டகை எழுந்தது. நாலாயிரத்துக்கு மேற்பட்ட இருக்கைகள். பளிங்கும் பொன்முலாமும் இழைத்த முன்கூடம். அதனோடு ஒட்டிப் பதின்மூன்று மாடி அலுவலகக் கட்டடம். மோட்டார் வண்டி மக்களைப் புறநகருக்கு ஏற்றிச் சென்றபின் கொட்டகை நலிந்தது. சில ஆண்டு இசைக்கச்சேரிகளுக்கு இடமாகி, 1976இல் மூடப்பட்டது. அலுவலகக் கட்டடத்தில் வாடகைக்கு இருந்தோர் தம் வண்டிகளை நிறுத்த இடம் கேட்டனர். கொட்டகையை முற்றும் இடிக்கலாமா என்று பொறியாளரைக் கேட்டபோது, இடித்தால் ஒட்டி நிற்கும் அலுவலகக் கட்டடத்தின் உறுதிக்குக் கேடு வரும் என்றனர். ஆகவே இருக்கைகளையும் மேல்மாடத்தையும் மட்டும் அகற்றி, உள்ளே மூன்று தளங்களாக வண்டி நிறுத்துமிடம் அமைத்தார்கள். இன்றும் அங்கே செல்வோர், தலைக்கு மேலே சிற்பவேலை நிறைந்த கவிகை உதிர்ந்தும் உதிராமலும் தொங்க, அதன்கீழ் வரிசை வரிசையாகக் கார்கள் நிற்பதைக் காணலாம். போர்டு சுவரை இடித்து வெளியே விட்ட வண்டி, எண்பது ஆண்டு சுற்றித் திரிந்து, பெருகித் திரும்பி வந்து, அதே இடத்தில் தங்கிவிட்டது. இது புனைகதையாயின், இத்துணைப் பொருத்தம் நம்பத்தக்கதன்று என்று எந்த ஆசிரியரும் அடித்துவிடுவார்.

ஆயினும் மிச்சிகன் கொட்டகை கற்பிப்பது பொருத்தத்தை மட்டுமன்று. அது அழகினால் பிழைத்ததன்று. அண்டை வீட்டுக்குத் தேவைப்பட்டமையால் பிழைத்தது. கொட்டகைகளின் பிற்காலத்தைத் தேடும் எவரும் இந்நீதியை அடிக்கடி எதிர்ப்படுவர். 1929, 1930 ஆகிய இரண்டே ஆண்டுகளில் லோயுஸ் நிறுவனத்தார் நியூயார்க்கிலும் அதன் அருகிலுள்ள ஜெர்சி நகரிலும் ‘அற்புதக் கொட்டகைகள்’ என்று பெயர் பெற்ற ஐந்தைத் திறந்தனர். ஐந்தும் இன்றளவும் நிற்கின்றன என்பதே ஓர் அற்புதம். எபர்சன் கட்டிய ‘வலென்சியா’ 1977இல் ஒரு கிறிஸ்தவ சபையின் கைக்கு வந்து ஆராதனை மண்டபமாயிற்று. 175ஆம் தெருவில் உள்ளது 1969இலேயே அவ்வாறு மாறியது. ‘பாரடைஸ்’ பல அறைகளாகப் பிரிக்கப்பட்டும், மூடப்பட்டும், கச்சேரி மண்டபமாகியும், தேவாலயமாகியும் பலமுறை பிறவி எடுத்தது. ஜெர்சி நகரத்துக் கொட்டகை 1986இல் மூடப்பட்டு இடிபட இருந்தது. ஊர்மக்கள் திரண்டு தடுத்து, ஊதியம் பெறாத தொண்டராகத் தாமே வண்ணம் பூசியும் மின்கம்பி இழுத்தும் அதைக் காத்தனர். புரூக்ளினில் உள்ள ‘கிங்ஸ்’ 1977இல் மூடப்பட்டது. வரிப்பாக்கிக்காக நகராட்சியின் உடைமையாகி, கூரை ஒழுக, புறாக்கள் குடியிருக்க, முப்பத்தேழு ஆண்டுக்கு மேல் இருளிற் கிடந்தது. பின்பு சுமார் 9½ கோடி டாலர் செலவிற் புதுக்கப்பெற்று 2015இல் மீண்டும் திறந்தது. இப்போது அங்கே நடப்பவை இசைக்கச்சேரிகளே.

தேவாலயமாக மாறியவை பல நிலைத்ததற்குக் காரணம் எளிது. தூணில்லாத அகன்ற கூடம், எல்லா இருக்கையிலிருந்தும் மேடை தெரியும் சரிவு, பேசுவோன் குரல் கடைசி வரிசைக்கும் எட்டும் கவிகை ஆகிய இவற்றைப் புதிதாகக் கட்ட முனைந்தால் ஒரு சபையின் செல்வம் போதாது. கொட்டகையாக இருந்ததை வாங்கினால் அனைத்தும் ஆயத்தமாகக் கிடைக்கும். கடையாகவும் கிடங்காகவும் மாறியவை இத்துணை நற்பேறு பெறவில்லை. சரிந்த தரையைச் சமமாக்கக் காங்கிரீட்டைக் கொட்டிய அன்றே அவற்றின் உருவம் போயிற்று.

ஒரே குடியிற் பிறந்த இருவரின் விதி எவ்வாறு வேறுபடும் என்பதற்கு ‘பாக்ஸ்’ என்னும் பெயர் பூண்ட இரு கொட்டகைகளைக் காட்டலாம். இரண்டும் 1929இல் திறந்தவை. சான் பிரான்சிஸ்கோவில் இருந்தது 1963இல் இடிக்கப்பட்டு, அங்கே உயர்ந்த அடுக்குமாடி எழுந்தது. அட்லாண்டாவில் உள்ளதையும் 1970களின் நடுவில் இடிக்கவே முயன்றனர். தொலைபேசி நிறுவனம் ஒன்று தன் தலைமை அலுவலகத்துக்கு அம்மனையை விரும்பியது. ஊரார் கிளர்ந்தெழுந்து 1975இல் ஓர் அறக்கழகம் அமைத்து நன்கொடை திரட்டினர். நிறுவனமும் இணங்கி, பக்கத்து மனையிலே தன் கட்டடத்தை எழுப்பிற்று. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளே இவ்விருவர்க்கும் வேற்றுமை. 1963இல் இத்தகைய கட்டடத்தைக் காப்பதற்கு வேண்டிய சட்டமும் மனநிலையும் அந்நாட்டிற் போதிய அளவு பிறந்திருக்கவில்லை.

நிற்க. இதுகாறும் சுவர் உள்ள கொட்டகைகளைப் பற்றிப் பேசினோம். இனிச் சுவரில்லாக் கொட்டகையைப் பற்றிச் சொல்லவேண்டும்.

நியூ ஜெர்சி மாநிலத்தில் ரிச்சர்டு ஹாலிங்ஸ்ஹெட் என்பவர் தம் வீட்டு முற்றத்தில் இரு மரங்களுக்கிடையே ஒரு துணியைக் கட்டி, காரின் முன்மூடியின்மேல் படங்காட்டும் கருவியை வைத்து, துணிக்குப் பின்னால் வானொலிப் பெட்டியை ஒலிக்கவிட்டுச் சோதனை செய்தார். மழையில் எப்படி இருக்கும் என்று அறியத் தோட்டத்துக்கு நீர் தெளிக்கும் கருவியைக் கண்ணாடிமேற் பீய்ச்சிப் பார்த்தாராம். இவையெல்லாம் எளிதில் முடிந்தன. தீராத சிக்கல் ஒன்று இருந்தது. ஒரு காரின் பின்னால் மற்றொரு கார் நின்றால், பின்னிருப்பவர்க்கு முன்வண்டியின் கூரையே காட்சி. இதற்கு அவர் கண்ட வழி நிலத்தையே திருத்துவது. திரையை நடுவாகக் கொண்டு, விசிறியின் மடிப்புகள்போல வளைந்த வரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாக அமைத்தார். ஒவ்வொரு வரிசையிலும் ஒரு மண்மேடு. வண்டியின் முன்சக்கரங்கள் மேட்டின்மேல் ஏறி நிற்க, பின்சக்கரங்கள் தாழ்விலிருக்கும். வண்டி தலைநிமிர்ந்து திரையை நோக்கும். உள்ளே இருப்பவர் பார்வை முன்வரிசைக் கூரைகளுக்கு மேலாகச் செல்லும். ஒரு வரிசைக்கும் மற்றதற்கும் இடையே, பிறர்க்கு இடையூறின்றி வண்டி வந்து போகப் பாதை. 1933ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் இவ்வமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். ஜூன் 6ஆம் நாள் கேம்டன் நகரை அடுத்துச் சுமார் 400 வண்டிகள் நிற்கத்தக்க கொட்டகையைத் திறந்தார். வண்டிக்கு 25 சென்டு, ஆளுக்கு 25 சென்டு. ஒரு வண்டிக்கு ஒரு டாலருக்கு மேல் வாங்குவதில்லை.

வசதிகள் இருந்தவாறே தொல்லைகளும் இருந்தன. திரையருகே வைத்த பெரிய ஒலிபெருக்கிகளின் ஓசை கடைசி வரிசைக்குச் சற்றுத் தாமதித்தே சென்றது. ஆனால் அண்டை அயலார் வீடுகளுக்கு வேண்டாமலே சென்றது. இரண்டாம் உலகப் போரையொட்டி, காரின் கண்ணாடியில் மாட்டிக்கொள்ளும் சிறு ஒலிபெருக்கி வந்த பின்பே இக்குறை தீர்ந்தது. பிற்காலத்தில் வண்டியிலுள்ள வானொலியே அவ்வேலையைச் செய்தது. கட்டணத்துக்கு அஞ்சி வண்டியின் பின்பெட்டியில் தோழரை ஒளித்துக் கொண்டுவரும் இளைஞரைப் பிடிக்க முடியாமல், ‘வண்டிக்கு இவ்வளவு’ என்று ஒரே கட்டணம் வைத்தவர்களும் உண்டு. எவ்வளவு பேர் ஏறினாலும் உள்ளே தின்பண்டம் வாங்கத்தானே போகிறார்கள்? கொட்டகைக்காரரின் இலாபம் நுழைவாயிலைவிட அப்பண்டசாலையிலேதான் இருந்தது.

ஹாலிங்ஸ்ஹெட்டின் காப்புரிமை செல்லாது என்று 1949இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாடகசாலையின் சரிந்த தரையை வண்டிகளுக்குப் பொருத்தியது புதுக்கண்டுபிடிப்பு ஆகாது என்பது அதன் கருத்து. அதன்பின் யாரும் யாருக்கும் பங்கு தராமல் மேடு வெட்டலாம் என்றாயிற்று. 1948இல் ஆயிரத்துக்கும் குறைவாக இருந்த டிரைவ்-இன்கள் பத்தாண்டுகளில் நாலாயிரத்துக்கு மேற்பட்டன. நகர நடுவிலிருந்த மாளிகைகள் வாடிய அதே ஆண்டுகளில் இவை தழைத்தன என்பதை மாணவர் கவனிக்க வேண்டும். தொலைக்காட்சி ஒன்றே எமனாயின் இரண்டும் ஒருங்கே வாடியிருக்கும். குழந்தைகளை இரவுடையோடு பின்னிருக்கையிற் படுக்கவைத்து, தாய்தந்தையர் முன்னிருக்கையிலிருந்து படம் பார்த்தனர். திரையின் அடியில் ஊஞ்சலும் சறுக்குமரமும் இருந்தன.

இவ்வளவு தழைத்தது ஏன் பட்டுப்போயிற்று? டிரைவ்-இன் ஒன்றுக்குப் பத்து ஏக்கரோ பதினைந்து ஏக்கரோ வேண்டும். ஊர்க்கோடியில், நெடுஞ்சாலையோரத்தில், முன்னர்ச் சோளம் விளைந்த மலிவான நிலத்தை வாங்கியே அவற்றை அமைத்தனர். அந்நிலம் ஆண்டில் வெப்பமான மாதங்களில் மட்டும், அம்மாதங்களிலும் இரவில் மட்டும் பொருளீட்டிற்று. இதற்கிடையே புறநகர் வளர்ந்து அந்நிலத்தைச் சூழ்ந்தது. வண்டிகள் எளிதில் வந்துசேரும் இடம் என்று கொட்டகைக்காரர் தேடிப் பிடித்த இடமே கடைவீதி கட்டுவோர் தேடும் இடமுமாயிற்று. எந்த மோட்டார் வண்டி டிரைவ்-இன்னைப் பெற்றதோ, அதுவே அதன் நிலத்தை விலையேற்றி அதைக் கொன்றது. 1966இல் இயற்றிய சட்டத்தால் கோடையிற் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளும் வழக்கம் அந்நாட்டின் பெரும்பகுதியிற் பரவியபோது, இருட்டுவதும் ஒரு மணி பிந்திற்று. முதற்படமே ஒன்பது மணிக்குத் தொடங்கினால், மறுநாள் வேலைக்குப் போகிறவன் இரண்டாம் படத்துக்கு எங்ஙனம் இருப்பான்? வண்ணத் தொலைக்காட்சியும் வீட்டிலேயே படம் போடும் ஒளிநாடாக் கருவியும் எஞ்சியதை முடித்தன. பகலிற் பழம்பொருட் சந்தை நடத்த நிலத்தை வாடகைக்கு விட்ட சிலர் மட்டும் அவ்வருவாயால் நெடுநாள் தாக்குப்பிடித்தனர்.

மாளிகைக்கும் டிரைவ்-இன்னுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். மாளிகையைத் தேவாலயம் வாங்கலாம். கச்சேரிக் கழகம் வாங்கலாம். வண்டி நிறுத்துமிடமாகவேனும் அது நிற்கலாம். டிரைவ்-இன்னை வாங்குகிறவன் வாங்குவது நிலத்தையே. ஒரு திரை, ஒரு பண்டசாலை, சில நூறு கம்பங்கள். மண்வாரி இயந்திரத்துக்கு இவை ஒரு நாள் வேலை. ஆகவேதான் மறைந்த மாளிகைகளைத் தேடுவதைக் காட்டிலும் மறைந்த டிரைவ்-இன்களைத் தேடுவது கடினம்.

தேடுவோர் கையாளும் வழிகளையும் சிறிது சொல்வோம். மாளிகைக் கொட்டகைகளைப் பற்றி ‘தி பெஸ்ட் ரிமெய்னிங் சீட்ஸ்’ என்னும் நூலை 1961இல் வெளியிட்ட பென் ஹால் என்பவர், 1969இல் அமெரிக்க நாடகசாலை வரலாற்றுக் கழகத்தைத் தொடங்கினார். அது முதல் ஊர்தோறும் ஆர்வலர் பலர் இவ்வேலையில் இறங்கினர். திரைப்படத் தொழிலார் ஆண்டுதோறும் வெளியிட்ட கொட்டகைப் பட்டியல்கள், நகர முகவரிப் புத்தகங்கள், பழைய நாளிதழ்களில் வந்த காட்சி விளம்பரங்கள், தீக்காப்பீட்டு நிறுவனங்களுக்காக வீடுவீடாக அளந்து வரைந்த தெருப்படங்கள் ஆகியவை அவர்கட்குச் சாசனங்கள். விளம்பரம் எந்த வாரத்தில் நின்றது என்று கண்டால் கொட்டகை நின்ற காலம் ஏறத்தாழப் புலப்படும். ஆனால் ‘மூடப்பட்டது’ என்னும் ஒரு சொல்லில் எத்தனையோ பொருள் அடங்கும். படக்காட்சி நின்றதா, உரிமையாளர் மாறினாரா, தீப்பற்றியதா, கட்டடமே இடிந்ததா என்று பிரித்தறியாதவன் ஒரே கொட்டகையை மூன்றுமுறை சாகடித்துவிடுவான். பெயரை நம்புவதும் ஆபத்து. ஒரே ஊரில் ‘ஸ்ட்ராண்டு’ என்னும் பெயர் ஒரு கட்டடத்திலிருந்து மற்றொன்றுக்குக் குடிபெயர்ந்திருக்கும். ஒரே கட்டடம் மூன்று பெயர் பூண்டிருக்கும்.

காகிதம் கைவிட்ட இடத்தில் கட்டடமே பேசும். கடைத்தெருவில் ஒரு கட்டடத்தின் பக்கச்சுவர் நெடுந்தூரம் சன்னலின்றி ஓடுமாயின், பின்புறம் மட்டும் கோபுரம்போல் உயர்ந்திருக்குமாயின், சந்துப் பக்கத்தில் பல கதவுகள் வெளிப்புறமாகத் திறக்குமாயின், அது பழைய கொட்டகையாக இருத்தல் கூடும். உயர்ந்த பகுதி திரைச்சீலைகளையும் காட்சிப் படுதாக்களையும் மேலே இழுத்துக்கொள்ள அமைத்த மேடைக்கூண்டு. கதவுகள் தீ விபத்துக்கு அஞ்சி வைத்தவை. முன்வாயிலில் இன்று துணி விற்றாலும் மருந்து விற்றாலும், இவை மறைவதில்லை.

நம் நாட்டிலும் இவ்வழிகள் பலிக்கும் என்பதற்கு இரண்டு சான்று போதும். சென்னை மவுண்ட் ரோட்டில் வார்விக் மேஜர் என்பவர் 1913இல் ‘எலெக்ட்ரிக் தியேட்டர்’ என்னும் கொட்டகையைத் திறந்தார். இரண்டாண்டில் அது அஞ்சல் இலாகாவின் கைக்குப் போயிற்று. இன்று அண்ணா சாலை அஞ்சலகத்தில் தபால்தலை சேகரிப்போர் செல்லும் கட்டடம் அதுவே. படங்காட்டியது இரண்டே ஆண்டு; அஞ்சலுக்குப் பயன்பட்டது ஒரு நூற்றாண்டுக்கு மேல். இரண்டாவது சான்று கோவையில் உள்ளது. ரெயில்வேயில் வேலை பார்த்து, 1905இல் ஊர் ஊராகப் படங்காட்டப் புறப்பட்ட சாமிக்கண்ணு வின்சென்ட், 1914இல் அங்கே ‘வெரைட்டி ஹால்’ என்னும் நிலைத்த கொட்டகையை எழுப்பினார். பிற்காலத்தில் அது ‘டிலைட்’ என்று பெயர் மாறிற்று. பழைய பெயரோ கொட்டகையை விட்டிறங்கி, வாசலில் ஓடிய சாலைக்குப் போய்ச் சேர்ந்தது. வெரைட்டி ஹால் ரோடு என்று சொல்லி அதில் நாள்தோறும் நடப்போரில் எத்தனைபேர் அந்த ஹாலை எண்ணுகிறார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

டிரைவ்-இன்களுக்குச் சுவருமில்லை, பெரும்பாலும் தெருப்பெயருமில்லை. அவற்றைத் தேடுவோர் வானத்திலிருந்து பார்க்கக் கற்றனர். அமெரிக்க நில அளவைத் துறையின் பழைய வரைபடங்கள் பலவற்றில் டிரைவ்-இன்கள் குறிக்கப்பட்டுள்ளன. அவ்விடத்தை விமானத்திலிருந்து எடுத்த நிழற்படத்தில் நோக்கினால், கட்டடம் எழாமல் வயலாகவோ காடாகவோ விட்ட இடங்களில், ஹாலிங்ஸ்ஹெட் வகுத்த அந்த விசிறி மடிப்புகள் புல்லினூடே இன்னும் தெரிகின்றன. திரையும் கம்பமும் போய் முப்பது நாற்பது ஆண்டான பின்பும் மண்மேடுகள் தம் வளைவை விடுவதில்லை. தரையில் நின்று பார்ப்பவனுக்கு அங்கே ஒன்றுமில்லை. உயரப் பறப்பவனுக்கு ஒரு கொட்டகையின் வரிசைகள் அத்தனையும் எண்ணத்தக்கன.

இன்னும் படங்காட்டி வரும் டிரைவ்-இன்கள் அந்நாட்டில் சுமார் முந்நூறே. அவற்றுள் மூத்தது பென்சில்வேனியாவில் 1934இல் திறந்த ‘ஷாங்க்வைலர்’ கொட்டகை. 2013ஆம் ஆண்டையொட்டி, பட நிறுவனங்கள் செல்லுலாய்டுச் சுருளைக் கைவிட்டு எண்முறைக்கு மாறியபோது, புதுக்கருவி ஒன்றுக்கே 70,000 டாலர் வரை கொடுக்க முடியாமல் பல சிறு கொட்டகைகள் மூடின. 2020இல் கொள்ளைநோய் பரவி எல்லா அரங்குகளும் அடைபட்டபோது, தனித்தனி வண்டியில் இருந்தபடி பார்க்கும் இப்பழைய முறையே மக்களுக்கு ஏற்றதாயிற்று. அவ்வாண்டு கோடையில் வால்மார்ட் நிறுவனம் தன் கடைகளின் வண்டி நிறுத்துமிடங்களில் 160ஐத் தற்காலிக டிரைவ்-இன்களாக மாற்றிப் படங்காட்டிற்று. டிரைவ்-இன் பிறந்த நியூ ஜெர்சியிலோ அதன் கடைசிக் கொட்டகை 1991இல் மூடப்பட்டு, மாநிலம் முழுவதிலும் ஒன்றுமில்லாமல் பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தன. வைன்லாந்து என்னும் ஊரில் 1949இல் தொடங்கி 1987இல் மூடிக்கிடந்த ‘டெல்ஸி’ கொட்டகையை, குழந்தை வைத்தியர் ஒருவர் வாங்கி, வளர்ந்திருந்த புதரை வெட்டி, பழைய மண்மேடுகளைக் கண்டெடுத்து, 2004இல் மீண்டும் திறந்தார்.